சாயம் எங்கே உட்கார்ந்திருக்கிறது?

மேச்சேரியில் புதன்கிழமை சந்தை நாள். ஆட்டு வியாபாரம் காலையிலேயே சூடுபிடித்துவிடும். வெயில் ஏற ஏறக் கூட்டம் காய்கறி, பாத்திரம், துணி என்று பிரியும். இந்தப் பக்கத்துச் சந்தைகளில் தார்ப்பாய் விரித்துப் பூப்போட்ட அரைக்கைச் சட்டைகளைக் குவித்திருக்கும் கடையருகே கொஞ்ச நேரம் நின்றால், ஒரே கேள்வி திரும்பத் திரும்பக் காதில் விழும்.

"சாயம் போகுமாங்ண்ணா?"

"போகாதுங்க, தைரியமா எடுத்துட்டுப் போங்க."

வீட்டில் நாலு துவையல் முடிவதற்குள் காலர் மடிப்பிலும் பாக்கெட் ஓரத்திலும் வெள்ளை தட்டிவிடுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சொல்லிவிட முடியாது. எந்த வகை அச்சு என்று மொத்தக் கடையில் யாரும் அவரிடம் சொல்லி அனுப்புவதில்லை.

சட்டையைப் பார்த்தே அதைத் தெரிந்துகொள்ளலாம். உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், சில சட்டைகளில் பூவின் நிறம் துணிக்குள் இறங்கிப் பின்பக்கமும் தெரியும். தொட்டால் வெறும் துணி போலவே மெத்தென்று இருக்கும். இது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம். பருத்தி இழையோடு வேதிப் பிணைப்பு கொள்ளும் இந்தச் சாயத்தை ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ராட்டீ, ஸ்டீஃபன் என்ற இருவர் 1954-ல் கண்டுபிடித்தார்கள். 1956-ல் விற்பனைக்கு வந்தது. இழையோடு சேர்ந்துவிட்ட நிறம் சாதாரணத் துவையலில் அசையாது.

இன்னொரு வகையில் பூ இருக்கும் இடம் மட்டும் லேசாக விறைப்பாக இருக்கும், பின்பக்கம் வெளிறித் தெரியும். இது பிக்மென்ட் அச்சு. நிறப்பொடிக்கும் இழைக்கும் இங்கே ஒட்டுறவே கிடையாது. பைண்டர் என்ற பசைப்படலம்தான் பொடியைத் துணிமேல் பிடித்து வைத்திருக்கிறது. அச்சடித்துச் சூட்டில் பதப்படுத்தினால் வேலை முடிந்தது. ரியாக்டிவ் அச்சை நீராவியில் வைத்து, ஒட்டாத சாயம் போகும்வரை பலமுறை அலச வேண்டும். அந்தக் கழிவுநீரையும் சுத்திகரிக்க வேண்டும். கழிவுநீர்ப் பிரச்சினைக்காகத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதை இந்தப் பக்கத்து ஜனங்கள் மறந்திருக்க மாட்டார்கள். அலச வேண்டிய தேவை இல்லாத அச்சு மலிவாகக் கிடைப்பதில் ஆச்சரியம் இல்லை. அந்த மலிவுக்கு ஈடாகச் சட்டையை வாங்கியவர்தான் கொஞ்சம் பக்குவம் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஏனென்றால் பிக்மென்ட் சட்டைக்கு எதிரி தண்ணீரைவிட உரசல்தான். காலர் அழுக்குப் போகட்டும் என்று பிரஷ் போட்டுத் தேய்க்கும்போது அழுக்கோடு பசைப்படலமும் உரிகிறது. துவைக்கிற கல்லில் அடிப்பது வேட்டிக்கும் போர்வைக்கும் சரி, இதற்கு ஆகாது. பட்டனைப் போட்டு, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, சோப்புத்தூள் கரைத்த பச்சைத் தண்ணீரில் கால்மணி நேரம் ஊறவைத்துக் கையால் கசக்கினால் போதும். மெஷினில் போடுவதாக இருந்தாலும் திருப்பிப் போடுவதுதான் நல்லது. ஜீன்ஸோடு சேர்த்துப் போடவே கூடாது. ஜீன்ஸின் முரட்டுத் துணியும் ஜிப்பும் அச்சை ராவிவிடும்.

கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பது வீட்டுக்கு வீடு சொல்லும் வைத்தியம். சாயப்பட்டறையில் உப்புக்கு வேலை உண்டு; தண்ணீரில் கரைந்திருக்கும் சாயத்தை நூல் பக்கம் தள்ளிவிடும். அதைப் பார்த்துத்தான் இந்த நம்பிக்கை வந்திருக்க வேண்டும். தைத்து வந்துவிட்ட சட்டையில் உப்பு எதையும் கெட்டிப்படுத்துவதில்லை. அதற்குப் பதில், நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் உள்தையல் ஓரத்தில் பத்துத் தடவை தேய்த்துப் பார்க்கலாம். ஆய்வகத்திலும் வெள்ளைத்துணியால் பத்து முறை தேய்த்துத்தான் சோதிக்கிறார்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் முதல் சில துவையலுக்கு அந்தச் சட்டையைத் தனியாக அலசுவது பத்திரம்.

ரேயான் சட்டையை இன்னும் கவனமாகக் கையாள வேண்டும். வழுவழுவென்று உடம்போடு தொங்குவதால் இளைஞர்களுக்குப் பிடித்த துணி இது. ஆனால் நனைந்தால் இழையின் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். முறுக்கிப் பிழிந்தால் தையலருகே இழுபட்டு விலகும், நீளம் கோணலாகும். உள்ளங்கையால் அழுத்தித் தண்ணீரை வடித்து, கொடியில் பாதியாக மடித்துப் போட வேண்டும்.

மேச்சேரிச் சுற்றுவட்டாரத்தில் தண்ணீரும் ஒரு விஷயம். காவிரித் தண்ணீர் குடிக்க, போர் தண்ணீர் துவைக்க என்றுதான் பல வீடுகளில் ஏற்பாடு. போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகமாக இருந்தால் சோப்போடு சேர்ந்து வெண்மையான கசடாகத் துணியில் படியும். சாயம் போய்விட்டது என்று தூக்கிப்போடும் கறுப்புச் சட்டைகளில் சிலவற்றுக்கு நிறம் அப்படியே இருக்கிறது, மேலே கசடு மூடியிருக்கிறது, அவ்வளவுதான். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் நல்ல தண்ணீர் செலவழித்தால் இந்த மங்கல் பெரிதும் குறையும்.

சித்திரை வெயிலில் மொட்டைமாடிக் கொடியில் சட்டை சீக்கிரமே காய்ந்துவிடும். காய்ந்தபிறகும் சாயங்காலம் வரை கிடப்பதில்தான் நஷ்டம். வெயிலின் புற ஊதாக் கதிர் சாய மூலக்கூறையே உடைக்கிறது. ரியாக்டிவ் சாயத்துக்கும் இதில் விலக்கு இல்லை. நிழலில் உலர்த்தலாம், இடம் இல்லாவிட்டால் திருப்பிப் போட்டு, காய்ந்த உடனே எடுத்துவிடலாம்.

இஸ்திரியில்தான் பலருக்கும் கை தவறுகிறது. நெஞ்சில் ரப்பர் போலத் தடித்திருக்கும் படமும் எழுத்தும் பெரும்பாலும் பி.வி.சி. கலந்த பிளாஸ்டிசால், சூடு பட்டால் இளகி இஸ்திரிப் பெட்டியில் ஒட்டும். இடப்பக்க உள்தையலில் உள்ள சிறு லேபிளில் இஸ்திரிப் பெட்டிப் படத்துக்குள் ஒரு புள்ளி இருந்தால் 110 டிகிரி, இரண்டு இருந்தால் 150 டிகிரி வரை தாங்கும். தெருமுனை இஸ்திரிக்காரரின் கரிப்பெட்டியில் டிகிரி பார்க்க வழியில்லை. அவரிடம் கொடுக்கும்போதே சட்டையை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி மடித்துக் கொடுத்தால், சொல்ல மறந்தாலும் பெரும்பாலும் அப்படியே தேய்த்துவிடுவார்.