கிணற்றுக்கும் ஒரு பேரேடு

கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு ரூபாய் வந்தாலும் போனாலும் அதற்கு ரசீது உண்டு. ரொக்கப் புத்தகத்திலும் பேரேட்டிலும் பதிவு உண்டு. நம் நிலத்தடியில் உள்ள நீருக்கு மட்டும் ஏனோ எக்கணக்கும் வைத்தோமில்லை.

சென்ற கோடையில் கீரப்பாளையம் வட்டாரத்துச் சங்கம் ஒன்றில் தவணை தவறிய கடன்களைப் பார்வையிடச் சென்றிருந்தோம். ஆழ்குழாய்க் கிணற்றுக்குக் கடன் பெற்ற முதிய உறுப்பினர் ஒருவர், "ஐயா, மோட்டாரை இரண்டு முறை கீழே இறக்கிவிட்டேன். தண்ணீரைச் சுரங்கம் இழுத்துக்கொண்டது" என்றார். "கிணறு போட்ட அன்று தண்ணீர் எத்தனை அடியில் நின்றது, பெரியவரே?" என்று கேட்டோம். அவருக்கு நினைவில்லை. கடன் பத்திரத்தைப் புரட்டினோம். கிணற்றின் ஆழம் இருந்தது, செலவு இருந்தது, நீர்மட்டம் இல்லை. அப்பத்திரத்தைச் சரிபார்த்ததற்கு அடையாளமாக நம் கையொப்பமும் அதில் இருந்தது! தவணையை நீட்டிப்பதா, மறுகடன் தருவதா என்று நிர்வாகக் குழுவினர் வினவியபோது, விடை கூற நம்மிடம் ஆதாரம் ஏதுமில்லை.

பெரியவரின் ஐயத்தை அலட்சியம் செய்வதற்கில்லை. 1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கருநிறப் பொருளே பழுப்பு நிலக்கரி. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் நிலக்கரி கண்ணுக்குப் புலப்பட்டது. அந்நிலக்கரிப் படிவத்தின் அடியில் கடலூர் மணற்கல் என்னும் நீர்ப்படுகை, மூடியிட்ட பாத்திரத்தில் அடைபட்ட நீரைப்போல் மிகுந்த அழுத்தத்தோடு இருக்கிறது. மேல்மண்ணை அகற்றினால் இவ்வழுத்தம் சுரங்கத்தின் தரையைப் பிளந்து மேலெழும். அதைத் தடுக்கவே சுரங்கத்தைச் சூழக் குழாய்க் கிணறுகள் அமைத்து, இரவு பகலாக நீரை இறைக்கின்றனர். இறைக்கும் இடத்தில் அழுத்தம் தாழும். அத்தாழ்வு அவ்விடத்தோடு நில்லாமல் சுற்றிலும் பரவும்.

ஆயினும் மட்டம் இறங்கியதற்குச் சுரங்கமே காரணம் என்று உடனே தீர்ப்புக் கூறலாகாது. மழை குறைந்திருக்கலாம், அண்டை வயல்களில் கிணறுகள் பெருகியிருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய ஆண்டுக்கணக்கான அளவுகள் வேண்டும்.

நீரின் தன்மையும் கவலைக்குரியதே. நெய்வேலியைச் சூழ்ந்த ஊர்களில் நீரையும் மண்ணையும் ஆராய்ந்து, பூவுலகின் நண்பர்கள், மந்தன் அத்யயன் கேந்திரா ஆகிய அமைப்புகள் 2023இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. பல இடங்களில் மாசு மிகுந்திருப்பதாக அது கூறிற்று. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதனைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

கீரப்பாளையம் ஒன்றியம் 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் சேர்க்கப்பட்டது. எனினும் 2023 மார்ச்சில் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கிலுள்ள நிலக்கரிப் பகுதி ஏலப் பட்டியலில் இடம்பெற்றது. எதிர்ப்பு எழுந்தபின் ஏப்ரலில் அது பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. மீண்டும் இத்தகைய கேள்வி எழுமானால், நம் கிணறுகளின் நிலையை எடுத்துரைக்க நம் கையில் ஏடு இருக்க வேண்டாமா?

மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஜனவரி, மே, ஆகஸ்டு, நவம்பர் மாதங்களில் தன் கண்காணிப்புக் கிணறுகளை அளந்து வருகிறது. நாமும் அம்மாதங்களையே பின்பற்றலாம். வேண்டுவன: அடிக்குறியிட்ட நாடா ஒன்று, அதன் நுனியில் கட்ட ஓர் எடை, ஒரு குறிப்பேடு.

விடியற்காலையில், மோட்டார் போடுவதற்கு முன் அளக்க வேண்டும். இறைத்துக்கொண்டிருக்கும் கிணறு பொய்க் கணக்குக் காட்டும். ஒவ்வொரு முறையும் கிணற்று விளிம்பின் ஒரே இடத்திலிருந்து அளந்து, தரைக்கு மேலுள்ள சுவரின் உயரத்தைக் கழித்துக்கொள்க. திறந்த கிணற்றையும் ஆழ்குழாயையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதுதல் இன்றியமையாதது. மேல்படுகையும் ஆழ்படுகையும் ஒன்றல்ல. மே மாத அளவை முந்திய ஆண்டின் மே மாத அளவோடு ஒப்பிடுக. வடகிழக்குப் பருவமழைக்குப் பிந்திய ஜனவரி மாத அளவோடு ஒப்பிட்டுக் கலங்குதல் வேண்டா.

நீர் மாதிரி எடுக்கும்போது சிறிது நேரம் இறைத்துவிட்டு, தூய கலத்தை அதே நீரால் மும்முறை அலசிப் பிடிக்க வேண்டும். பாசனத்துக்கு மண் பரிசோதனை நிலையத்திலும், குடிநீருக்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்திலும் சோதிக்கலாம். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் நலம். வேறு நீர் இல்லாவிடத்து 2000 வரை ஏற்பர். பாதரசத்தின் வரம்பு 0.001 மில்லிகிராமே, இதனைச் சோதிக்க வேண்டுமென்று தனியே கேட்டுக்கொள்ள வேண்டும். மட்டம் இறங்க இறங்க உப்பு ஏறுமானால், கடலோர வட்டாரமாகிய நமக்கு அது பெரும் எச்சரிக்கை.

இது உழவருக்கு மட்டும் உரிய செய்தி என்று நெசவாள அன்பர்கள் கருத வேண்டா. சாயத் தொட்டிக்கும் கஞ்சிக்கும் வேண்டுவது இந்நீரே. கடின நீரில் சாயம் சீராகப் பிடிக்காது. இரும்பு கலந்த நீர் நிறத்தை மங்கச் செய்யும். குறிஞ்சிப்பாடிக் கைலி நெய்வோர்க்கு இது புதுச் செய்தியன்று. நூலின் மேலும் சாயத்தின் மேலும் பழி சுமத்துமுன் நீரைச் சோதித்துப் பார்க்கலாமே!

தனியொருவர் அளந்தால் அது அவர் சொல். சங்கம் அளந்து, இருவர் கையொப்பமிட்டுத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றினால் அது ஊரின் ஆவணம்.

முற்கூறிய பெரியவருக்குக் குழுவினர் தவணையை ஓராண்டு நீட்டித்தனர். அத்துடன் அவர் கிணற்றையும் அருகிலுள்ள நான்கு கிணறுகளையும் அளப்பது என்றும் தீர்மானித்தனர். மறுநாள் வைகறையில் நாடாவை இறக்கியவர் அப்பெரியவரே. பதிவேட்டின் முதல் வரியில் அவர் கையொப்பம் இருக்கிறது. அதற்குக் கீழே, சரிபார்த்ததாக நம் கையொப்பமும் இருக்கிறது. இம்முறை அளவைக் கண்ணால் கண்டபின் இட்டது அது.