மாடு கன்று வீசினால் மறைக்காதீர்கள்

மலாக்காவில் தோட்டங்கள் தாமான்களாக மாறிய பிறகும் மாட்டை விடாத நம் குடும்பங்கள் உண்டு. அவர்களில் பலர் ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். ஏழாம், எட்டாம் மாதத்தில் மாடு கன்று வீசினால் கண்ணூறு என்கிறார்கள். நஞ்சுக்கொடியை வெறும் கையால் இழுத்தெடுத்து, செத்த கன்றோடு கால்வாயில் எறிகிறார்கள். மறுநாளே அந்த மாட்டின் பால் விற்பனைக்குப் போகிறது.

அது புரூசெல்லோசிஸ் என்னும் கன்று வீச்சு நோயாக இருக்கலாம். அதன் கிருமி நஞ்சுக்கொடியிலும் பனிக்குட நீரிலும் பாலிலும் இருக்கும். கைக்கீறல் வழியாகவும் காய்ச்சாத பால் வழியாகவும் மனிதருக்கு வரும். பினாங்கில் 2010, 2011 வாக்கில் ஒரே பண்ணையின் பச்சை ஆட்டுப்பாலைக் குடித்த 79 பேருக்கு இந்நோய் கண்டது. முதல் நோயாளி பண்ணையின் உரிமையாளரே. நோய் இன்னதென்று தெரிய சராசரியாக 53 நாள் ஆனது. ஒருவருக்கு 210 நாள். ரத்த மாதிரிகளைக் கையாண்ட ஆய்வுக்கூட ஊழியர் நால்வருக்கும் தொற்றியது.

ஆகவே, கன்று வீசிய அன்றே செய்ய வேண்டியவை இவை.

அந்த மாட்டைத் தனியே கட்டுங்கள். கையுறையும் பூட்ஸும் இல்லாமல் எதையும் தொடாதீர்கள். கர்ப்பிணிகளையும் பிள்ளைகளையும் கொட்டகைக்குள் விடாதீர்கள். கன்றையும் நஞ்சுக்கொடியையும் நாய் எட்டாதபடி மூடி வையுங்கள். கால்நடை அதிகாரிகள் மாதிரி எடுத்த பிறகு, சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதையுங்கள்.

அடுத்து, கால்நடைச் சேவைத் துறைக்குத் தெரிவியுங்கள். நாம் ஜேபிவி என்று சொல்லும் இலாகா அதுதான். ஆயர் குரோ போன்ற இடங்கள் மலாக்கா தெங்கா மாவட்டத்தைச் சேர்ந்தவை. அங்கே இருப்பவர்கள் மலாக்கா தெங்கா மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்குப் போங்கள். அலோர் காஜா, ஜாசின் மக்கள் தங்கள் மாவட்ட அலுவலகத்துக்குப் போக வேண்டும். அடையாள அட்டையையும் மாடு வாங்கிய ரசீதையும் எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டின் காதுப்பட்டை எண், சினைப்பிடித்த தேதி, கன்று வீசிய தேதி, மந்தையில் உள்ள மாடுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மொத்த மந்தைக்கும் ரத்தப் பரிசோதனை கேட்டு மனு கொடுங்கள். மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். "பிறகு வருகிறோம்" என்ற வாய்ச்சொல்லோடு திரும்பாதீர்கள். ஆய்வுக்கூட முடிவையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நோய் உறுதியானால் அந்த மாட்டை மந்தையிலிருந்து அகற்றச் சொல்வார்கள். வலிக்கும், உண்மைதான். இழப்பீடு கோரும் கடிதத்தை அன்றே கொடுங்கள். சந்தேக மாட்டை ரகசியமாக வேறு மாநிலத்துக்கு விற்பது மட்டும் வேண்டாம். 1998இல் ஈப்போ வட்டாரத்தில் தலைகாட்டிய நிப்பா வைரஸ், பன்றிகளை ஏற்றிச் சென்றதால்தான் நெகிரி செம்பிலான் வரை பரவி நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. கொசுவால் பரவும் மூளைக்காய்ச்சல் என்றே அதிகாரிகள் பல மாதம் நம்பியதால் இழப்பு பெருகியது.

கொட்டகையை உடைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் பலர் நோயை மறைக்கிறார்கள். அந்தப் பயத்துக்கு அதிகாரிகளும் காரணம். நோட்டீஸ் ஒட்டக் காட்டும் வேகத்தை ரத்தம் எடுக்கவும் காட்டினால் மக்கள் தாமே வந்து சொல்வார்கள். ஆனால் கொட்டகை நிற்கும் நிலத்தின் பிரச்சினை உங்கள் வட்டார நகராண்மைக் கழகத்தோடு பேச வேண்டியது. நோயைத் தெரிவிப்பது சட்டப்படி உங்கள் கடமை. இரண்டையும் குழப்பாதீர்கள்.

உங்களுக்கே காய்ச்சல் வந்தால், கிளினிக்கில் முதல் வாக்கியமாக "நான் மாடு வளர்க்கிறேன்" என்று சொல்லுங்கள். மாலைக் காய்ச்சல், வியர்வை, மூட்டுவலி வாரக்கணக்கில் நீடித்தால் புரூசெல்லா பரிசோதனை கேளுங்கள். சிகிச்சை பொதுவாக ஆறு வாரம். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பும். கொட்டகையில் எலி இருந்தால் எலிச்சிறுநீர்க் காய்ச்சலையும் நினைவூட்டுங்கள். அது 2010 முதல் மருத்துவர்கள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்.

சுயதொழில் செய்வோருக்கான சொக்சோ காப்பீட்டுத் திட்டத்தில் கால்நடை வளர்ப்பும் அடங்கும். நோய் வருமுன் பதியுங்கள். வந்த பிறகு பதிந்து பயனில்லை.

பால் வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. கறந்த சூட்டோடு குடிப்பது சத்து என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பொங்கக் காய்ச்சிய பிறகே குடியுங்கள். கன்று வீசிய மாட்டின் பாலை, பரிசோதனை முடிவு கையில் வரும்வரை யாரும் விற்க வேண்டாம், யாரும் வாங்க வேண்டாம்.