உலக வெப்பம் இளைப்பாறியதா?

தில்லியின் தை மாதக் குளிரில் இரண்டு ரஜாய்களுக்குள் சுருண்டு கிடக்கும் நம்மவரிடம், உலகம் சூடேறி வருகிறது என்று சொன்னால் சிரிக்கிறார்கள். "அந்தச் சூட்டில் கொஞ்சம் இங்கே அனுப்பச் சொல்லுங்கள்" என்கிறார்கள். அது வேடிக்கை, போகட்டும். ஆனால் நம் சங்கத்து அன்பர் ஒருவர் அண்மையில் என்னைக் கேட்ட கேள்வி வேடிக்கையன்று. "1998-க்குப் பின் பதினைந்து ஆண்டுகள் வெப்பம் ஏறவேயில்லை என்று விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டார்களாமே! பிறகு ஏன் இத்தனை ஆரவாரம்?" என்றார் அவர். அவர் சொன்னதில் ஓரளவு உண்மை இருக்கிறது. எந்த அளவு என்பதை எனக்குத் தெரிந்த வரையில் இங்கே விளக்க முயல்கிறேன்.

இந்தப் பேச்சு புதிதன்று. 2006-ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரேலிய நிலவியல் அறிஞர் பாப் கார்ட்டர், உலகம் சூடேறுவது 1998-இல் நின்றுவிட்டது என்று லண்டன் 'டெலிகிராப்' பத்திரிகையில் எழுதினார். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தக் கூற்று வலுப்பெற்றது. 2013-இல் ஐக்கிய நாடுகளின் பருவநிலைக் குழு தன் ஐந்தாம் அறிக்கையை வெளியிட்டபோது, அதிலேயே ஒரு கணக்கு இடம் பெற்றது. 1951 முதல் 2012 வரை உலகச் சராசரி வெப்பநிலை பத்தாண்டுக்கு 0.12 டிகிரி செண்டிகிரேடு வீதம் ஏறியிருக்கிறது. 1998 முதல் 2012 வரையிலோ பத்தாண்டுக்கு 0.05 டிகிரிதான் ஏறியிருக்கிறது. விகிதம் பாதிக்கும் கீழே! இதைத்தான் நம் அன்பர் எங்கோ படித்திருக்கிறார்.

ஆனால் அதே அறிக்கை, அதே இடத்தில், இன்னொன்றையும் சொல்லிற்று. 1998-ஐ விட்டு 1996-இல் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளை எடுத்துக்கொண்டால் விகிதம் 0.14 ஆகிறது. 1995-இல் தொடங்கினால் 0.13. 1997-இல் தொடங்கினால் 0.07. தொடக்கத்தை ஓராண்டு, ஈராண்டு நகர்த்தினாலே விடை இரு மடங்காகவும் பாதியாகவும் மாறுகிறதென்றால், அந்த விடையின் மீது எவ்வளவு பாரம் ஏற்றலாம்? இந்த இரண்டாம் பகுதியைப் பத்திரிகைகள் பெரும்பாலும் அச்சிடவில்லை.

தில்லியில் சில ஆண்டுகள் வாழ்ந்தவர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். மாசியிலிருந்து வைகாசி வரை இங்கே வெயில் ஏறிக்கொண்டே போகும். ஆனால் நாள்தோறும் ஒரே சீராக ஏறுவதில்லை. பங்குனியில் ஒருநாள் திடீரென்று கொளுத்தும். அடுத்த வாரம் மேற்கிலிருந்து மேகம் வந்து ஆலங்கட்டி மழை பெய்து, மடித்து வைத்த கம்பளியை மீண்டும் எடுக்கவேண்டி வரும். கொளுத்திய அந்த நாளில் கோட்டைத் தொடங்கி மழை பெய்த நாளில் முடித்தால், இவ்வாண்டு கோடை வராது என்றே நிறுவிவிடலாம். உலக வெப்பநிலையின் கதையும் இதுதான். ஏற்றமோ ஆண்டுக்கு ஏறத்தாழ 0.02 டிகிரி. ஆண்டுக்கு ஆண்டு நேரும் ஊசலாட்டமோ 0.1 டிகிரிக்கும் மேல் போகும். சிறிய ஏற்றம் பெரிய ஊசலாட்டத்தை வென்று கண்ணுக்குத் தெரியப் பல ஆண்டுகள் வேண்டும். பெஞ்சமின் சாண்டரும் அவர் துணைவர்களும் 2011-இல் செயற்கைக்கோள் அளவுகளை வைத்துக் கணக்கிட்டு, குறைந்தது பதினேழு ஆண்டுகளாவது வேண்டும் என்றார்கள்.

1998 எப்படிப்பட்ட ஆண்டு? அதுவே கொளுத்திய நாள். முந்திய ஆண்டில் தொடங்கிய 'எல் நினோ' இருபதாம் நூற்றாண்டின் மிக வலியவற்றுள் ஒன்று. எல் நினோ என்பது என்ன என்பதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். நம் நாட்டுக்கும் அதில் பங்கு உண்டு.

பசிபிக் மாகடலின் நடுக்கோட்டுப் பகுதியில் காற்று வழக்கமாகக் கிழக்கிலிருந்து மேற்கே வீசும். அது மேற்பரப்பின் வெந்நீரை இந்தோனேசியா பக்கம் தள்ளிக் குவிக்கும். பெரு நாட்டுக் கரையில் அடியிலிருந்து தண்ணீர் குளிர்ந்து மேலே வரும். சில ஆண்டுகளில் காற்று தளரும். அப்போது குவிந்த வெந்நீர் கிழக்கே பரவி, தன் வெப்பத்தை வானுக்குக் கொடுக்கும். கிறிஸ்துமஸ் ஒட்டி வருவதால் பெரு நாட்டு மீனவர் இதற்குக் குழந்தை ஏசுவின் பெயரை இட்டனர். காற்று வழக்கத்தினும் வலுத்தால் நேர்மாறு நிகழும். வெப்பம் மேற்குப் பசிபிக்கின் ஆழத்தில் புதையும். அது 'லா நினா'. இந்த ஊசலின் காற்றழுத்தப் பகுதியைக் கண்டு சொன்னவர் இந்திய வானிலைத் துறையின் தலைவராக 1904 முதல் 1924 வரை இருந்த கில்பர்ட் வாக்கர். பருவமழை எந்த ஆண்டில் பொய்க்கும் என்று முன்கூட்டியே அறிய வழி தேடிய கணித அறிஞர் அவர். தேடியது முழுதும் கிட்டவில்லை. உலக வானிலையின் ஒரு பெரிய ஊசல் கிட்டிற்று.

இப்போது 1998-க்குப் பின் நடந்ததைப் பாருங்கள். 2008-இலும், 2010-க்கும் 2012-க்கும் இடையிலும் லா நினா மேலோங்கிற்று. பசிபிக்கின் கிழக்குக் காற்று முன் கண்டிராத அளவு வலுத்திருந்தது என்று மாத்யூ இங்கிலாந்து குழுவினர் 2014-இல் காட்டினர். அதற்கு முந்திய ஆண்டில் யூ கொசாக்கா, ஷாங்-பிங் ஷீ என்னும் இருவர் ஓர் அழகான சோதனை செய்தார்கள். பருவநிலையைக் கணிக்கும் கணினி மாதிரியில், உலகப் பரப்பில் நூற்றுக்கு எட்டுப் பங்கே ஆன கிழக்குப் பசிபிக்கின் நடுக்கோட்டுப் பகுதிக்கு மட்டும் உண்மையில் அளந்த வெப்பநிலையைக் கொடுத்தார்கள். மற்றவற்றை மாதிரியே கணிக்க விட்டார்கள். அந்தப் 'பதினைந்தாண்டு ஓய்வு' அப்படியே வந்து நின்றது!

அப்படியானால் ஓய்ந்தது எது? கரியமிலவாயு ஓயவில்லை. ஹவாய்த் தீவின் மௌனா லோவா நிலையத்தில் அது 1998-இல் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 367 பங்கு; 2012-இல் 394 பங்கு. அவ்வாயுவும் அதன் இனத்தனவும் தடுத்து நிறுத்தும் வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கடலுக்குள்தான் போகிறது. காற்றை மட்டும் அளந்துவிட்டு உலகம் சூடேறவில்லை என்பது, சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு வங்கியில் பணமில்லை என்பது போன்றது. கடலின் கணக்கைப் பார்க்க நல்ல காலமாக ஒரு கருவி வாய்த்திருந்தது. 'ஆர்கோ' என்னும் தானியங்கி மிதவைகள் 2007-இன் இறுதிக்குள் ஏறத்தாழ மூவாயிரம் கடலில் இறங்கிவிட்டன. இரண்டாயிரம் மீட்டர் ஆழம் வரை அமிழ்ந்து, பத்து நாட்களுக்கு ஒருமுறை மேலே வந்து, அளந்ததைச் செயற்கைக்கோளுக்குச் சொல்பவை அவை. நம் ஐதராபாத்துக் கடல் தகவல் நிலையமும் அவ்வேலையில் பங்குகொள்கிறது. அவை சொன்ன செய்தி, கடல் இடைவிடாது வெப்பத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது என்பதே. கடல் மட்டமும் ஆண்டுக்குச் சுமார் மூன்று மில்லிமீட்டர் உயர்ந்தபடியே இருந்தது. ஓய்வு என்று சொல்லப்பட்ட காலத்தின் கடைசி ஆண்டான 2012-இன் செப்டம்பரில், வடதுருவக் கடற்பனி அதுவரை செயற்கைக்கோள்கள் கண்டிராதபடி சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கிற்று.

அளவையிலும் ஓட்டைகள் இருந்தன. பிரிட்டன் வானிலை நிலையத்தின் புகழ்பெற்ற கணக்கு உலகப் பரப்பில் நூற்றுக்கு 84 பங்கையே தழுவிற்று. விடுபட்டவற்றுள் முக்கியமானது வடதுருவம். அதுவே மிக விரைவாகச் சூடேறும் பகுதி. கெவின் கௌட்டன், ராபர்ட் வே இருவரும் செயற்கைக்கோள் உதவியால் அந்த இடைவெளியை நிரப்பியபோது, 1997 முதல் 2012 வரையிலான ஏற்றம் இரண்டரை மடங்காயிற்று. கௌட்டன் படிகங்களை ஆராயும் வேதியியலார். வே அன்று ஒட்டாவாப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். பெரிய நிலையங்கள் விட்ட இடத்தை ஒரு மாணவர் துணையோடு நிரப்பினார்கள் என்பது நம் போன்றோருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

இரண்டாவது ஓட்டை கடலில். முன்பு கப்பல்களின் எஞ்சின் அறைக்குள் இழுக்கப்படும் தண்ணீரை அளப்பார்கள். அறையின் சூட்டில் அது சற்றுக் கூடுதலாகவே காட்டும். பின்னர் மிதவைகள் பெருகின. அவை காட்டுவது கப்பலைவிடச் சுமார் 0.12 டிகிரி குறைவு. சூடாகக் காட்டுபவை குறைந்து, சரியாகக் காட்டுபவை கூடினால், கடல் குளிர்வது போலத் தோன்றும் அல்லவா? 2015-இல் அமெரிக்கக் கடல்-வானிலைத் துறையைச் சேர்ந்த தாமஸ் கார்ல் குழுவினர் இவ்வேறுபாட்டை நீக்கினர். அவர்கள் கணக்கில் 1998–2012-இன் விகிதம் 0.039-இலிருந்து 0.086-ஆக உயர்ந்தது. உடனே புயல் கிளம்பிற்று. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் அறிவியல் குழுத் தலைவர் லாமர் ஸ்மித், அந்த விஞ்ஞானிகளின் கடிதங்களைக் காட்டும்படி அழைப்பாணையே அனுப்பினார். கடிதங்களைத் துருவுவதைவிட நல்ல வழியை 2017-இல் சீக் ஹாஸ்ஃபாதர் குழுவினர் பின்பற்றினார்கள். மிதவைகளை மட்டும் தனியே, ஆர்கோவை மட்டும் தனியே, செயற்கைக்கோளை மட்டும் தனியே வைத்துக் கணக்கிட்டார்கள். மூன்றும் கார்ல் குழுவின் புதிய கணக்கோடு ஒத்துப்போயின.

இவ்வளவும் சொன்னபின், அப்படி ஒரு தளர்ச்சி இருக்கவே இல்லை என்று சாதிக்கும் நண்பர்களோடும் நான் சேர முடியவில்லை. 2016-இல் ஜான் ஃபைஃப் முதலிய பருவநிலை அறிஞர்கள், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்பரப்பு சூடேறும் வேகம் உண்மையாகவே குறைந்தது, அதை மறுக்காமல் ஆராயவேண்டும் என்று எழுதினார்கள். எனக்கு அது நேர்மையான நிலையாகத் தோன்றுகிறது. வேகம் குறைதல் வேறு, நின்றுவிடுதல் வேறு. விஞ்ஞானிகள் தாங்களே 'ஓய்வு' என்ற சொல்லைத் தலைப்புகளில் எடுத்தாண்டு, எதிர்த்தரப்பாருக்கு வேலையை எளிதாக்கிவிட்டார்கள் என்பது என் கருத்து.

இச்சொற்போர் வெறும் ஏட்டுச் சண்டையாக இருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். ஓய்வு என்று சொல்லப்பட்ட அதே காலத்தில், 2010 மே மாதத்தில், ஆமதாபாத்தில் வெயில் 46.8 டிகிரியை எட்டிற்று. அம்மாதத்தில் அந்நகரில் வழக்கத்தைவிட 1,300 பேருக்கு மேல் கூடுதலாக இறந்தார்கள் என்று பின்னர் கணக்கிட்டார்கள். ஓர் ஊரின் ஒரு கோடையைக் காட்டி உலக வெப்பத்தை நிறுவக்கூடாது. நானும் அதைச் செய்யவில்லை. ஆனால் அந்நகராட்சி, உலகக் கோடு ஏறுகிறதா கிடக்கிறதா என்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருக்கவில்லை. முன்னெச்சரிக்கை, குடிநீர், மருத்துவமனைப் பயிற்சி என்று 2013-இலேயே தெற்காசியாவின் முதல் வெப்பத் தற்காப்புத் திட்டத்தை வகுத்துவிட்டது.

கோட்டின் கதையோ விரைவிலேயே திரும்பிற்று. 2014, 2015, 2016 மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகப் பழைய உச்சத்தைக் கடந்தன. 2023 அவற்றையும் கடந்தது. 2024 அதையும் கடந்து, தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையைவிட ஏறத்தாழ 1.55 டிகிரி உயர்ந்து நின்றது. நம் நாட்டிலும் 1901 முதல் உள்ள பதிவுகளில் அதுவரை காணாத வெப்பமான ஆண்டு அதுவே.

இங்கேதான் நம்மவருக்கு ஒரு சோதனை. 2023-ஐயும் 2024-ஐயும் கண்டு, சூடேறும் வேகமே கூடிவிட்டது என்று ஜேம்ஸ் ஹான்சன் போன்ற மூத்த அறிஞர்கள் கூறுகிறார்கள். அவர்கள் சொல்வது மெய்யாகவும் இருக்கலாம். கப்பல் எண்ணெயில் கந்தகம் குறைந்ததால் வெயிலை மறைக்கும் புகை குறைந்தது என்று காரணமும் காட்டுகிறார்கள். ஆனால் அவ்விரண்டு ஆண்டுகளிலும் மீண்டும் ஓர் எல் நினோ இருந்தது. 1998-இல் தொடங்கிய கோட்டை ஏற்காத நாம், 2024-இல் முடியும் கோட்டை மட்டும் கேள்வியின்றி ஏற்கலாமா? கிளாடி போலியூ குழுவினர் 2024-இல் இதே கேள்வியைப் புள்ளியியல் முறையில் கேட்டார்கள். 1970-களில் தொடங்கிய ஏற்றம் இன்னும் வேகமெடுத்ததாக அளவுகளைக் கொண்டு உறுதியாகச் சொல்லமுடியவில்லை, அதற்கு இன்னும் சில ஆண்டுகளின் பதிவு வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு. ஏற்றம் தொடர்கிறதா என்பதில் அவர்களுக்கும் ஹான்சனுக்கும் வழக்கு இல்லை. எவ்வளவு வேகமாக என்பதில்தான்.