பாடி வருபவர் ஏன் பிடிபடுகிறார்?

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்திலிருந்து தேனி மார்க்கமாகவும் திண்டுக்கல் மார்க்கமாகவும் புறப்படும் வண்டிகள் கடந்துபோகும் கிராமங்களில், பொங்கலையொட்டியும் கோயில் திருவிழாவையொட்டியும் நடைபெறும் கபடிப் போட்டிகளைக் கண்டவர்கள், மின்னலெனப் பாய்ந்து பாடும் தேர்ந்த ரைடர் ஒருவர், நல்ல பிடி அணியின் முன் மட்டும் தயங்கித் தடுமாறித் திரும்புவதைக் கவனித்திருப்பார்கள். எழுவர் கூடி ஒருவரைப் பிடிப்பதில் என்ன விசேஷம் என்று கேட்பது சரியன்று; ஏனெனில் பிடிக்க முயன்று தோற்றவர்களில் எத்தனை பேரை அவர் தொட்டு மீள்கிறாரோ அத்தனை புள்ளிகளும் அவருக்கே சேரும், பிடித்தாலோ பொதுவாக ஒரு புள்ளிதான்.

சூட்சுமம் மைதானத்தின் அளவிலேயே இருக்கிறது. ஆடவர் ஆடுகளத்தின் நீளம் 13 மீட்டர், அகலம் 10 மீட்டர். பாடி வருபவர் யாரையும் தொடாவிட்டால், நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரிலுள்ள கோட்டையாவது தாண்டித்தான் திரும்பவேண்டும் என்பது விதி. அக்கோட்டுக்கு அப்பால் எஞ்சுவது 2.75 மீட்டர் ஆழமே. அங்கே கார்னர் ஆட்டக்காரர்கள் இருவர் இருபுறமும் நிற்க, வலக் கோடியை நோக்கினால் இடக் கோடிக்கு முதுகைக் காட்டியாகவேண்டும் என்ற சங்கடத்தில் அவர் தாமாகவே சிக்குகிறார். அவர் முன்வைத்த காலில் உடற்பாரம் முழுவதும் இறங்கும் அந்தக் கணத்தைத்தான் கார்னர்காரர் எதிர்பார்த்திருக்கிறார். கணுக்கால் அகப்பட்ட மாத்திரத்தில் அருகிலுள்ள கவர் ஆட்டக்காரர் குறுக்கே பாய்ந்து நடுக்கோட்டுக்குச் செல்லும் வழியை அடைக்கிறார். ஒருவர் பிடித்து மற்றவர் வேடிக்கை பார்த்தால், பிடித்தவரையும் இழுத்துக்கொண்டே கோட்டைத் தொட்டுவிடுவது ரைடருக்குப் பெரும் பிரயத்தனமன்று.

காலமும் பிடி அணியின் பக்கமே நிற்கிறது. ஒரு மூச்சுப் பாட்டுக்கு 30 விநாடிதான் அவகாசம்; 2014-இல் தொடங்கிய புரோ கபடி லீக்கிலோ, தொடர்ந்து இருமுறை புள்ளியின்றித் திரும்பிய அணி மூன்றாம் முறை புள்ளியெடுத்தே தீரவேண்டும், இல்லையேல் பாடுபவர் வெளியேறவேண்டும். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்திலும் நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜம் முன்னேறவேண்டியிருப்பதால், முதல் முயற்சிகள் வீணானபின் எதிரி நீண்ட தூரத்தைக் குறிவைத்தே தீரவேண்டும் என்பதைத் தடுப்பவர் முன்கூட்டியே அறிவார். நிர்ப்பந்தத்துக்குள்ளானவன் செய்யப்போவது பாதி வெளிப்பட்டுவிட்ட இரகசியம். ஆகையால் சிறந்த அணி முதல் இரு பாட்டுகளில் பின்வாங்கி, தொடக்கொடாமல் வெறுமனே அனுப்பிவைக்கிறது. இந்தப் பொறுமையையே நான் கபடியின் தலையாய கலையென்று கருதுகிறேன்.

தஞ்சை மண்ணிலிருந்து வந்த தர்மராஜ் சேரலாதன், 2016-இல் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியில் இடம்பெற்ற கார்னர் ஆட்டக்காரர். நாற்பது வயதைக் கடந்த பின்னும் லீக்கில் அவர் நிலைத்து ஆடியதற்கு, வேகத்தைவிடக் கணம் பார்க்கும் கண் நெடுங்காலம் தேயாதிருப்பதே காரணமாகும்.

ஆயினும் வியூகம் ஆள் குறையக் குறையத் தளர்ந்துவிடுகிறது. நால்வரானதும் இடைவெளிகள் அகன்று, ரைடரின் கை நீண்டுவிடும். மூவரோ அதற்கும் குறைவானவர்களோ எஞ்சியிருக்கும்போது பிடித்தால் ஒரு புள்ளிக்குப் பதில் இரண்டு என்று விதி வகுத்திருப்பது, அவ்வாறு தனித்து நிற்பவர்கள் துணிந்து பாய்வதற்காகவே.