சர்க்கரை நோயும் எடை குறைக்கும் ஊசியும்

பழைய சீட்டை முதலில் பாருங்கள்

"அந்த ஊசியை நானும் போட்டுக்கலாமா டாக்டர்?" என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். அதற்கு முன் கையில் இருக்கும் மருந்துச் சீட்டைப் பார்க்க வேண்டும். கிளிமிபிரைடு, பியோகிளிட்டசோன், இன்சுலின் மூன்றும் சர்க்கரையை இறக்கினாலும் எடையை ஏற்றக்கூடியவை. மெட்ஃபார்மின் ஏற்றாது. டாபாகிளிஃபிளோசின் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றி இரண்டு மூன்று கிலோ குறைக்கும். சோற்றைப் பாதியாக்கியும் எடை இறங்கவில்லையே என்று நொந்துகொள்கிற சிலருக்கு, காரணம் மாத்திரை டப்பாவிலேயே இருக்கலாம். அதற்காக நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

எவ்வளவு இறங்கும்?

சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோனைப் போல வேலை செய்வது செமாகுளூடைடு ஊசி. 2025 மார்ச்சில் 'மவுஞ்சாரோ' என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்த டிர்செபடைடு, ஜிஐபி என்ற இன்னொரு ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. வாரம் ஒரு ஊசி. பசி அடங்கும், வயிறு மெல்லக் காலியாகும், சர்க்கரை ஏறும்போது இன்சுலின் கூடுதலாகச் சுரக்கும்.

விளம்பரம் சொல்லாத ஒன்று உண்டு. சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கு 68 வாரங்களில் சராசரியாக 15 சதவீத எடையைக் குறைத்த அதே அளவு செமாகுளூடைடு, சர்க்கரை நோயாளிகளுக்கு 9.6 சதவீதமே குறைத்தது. டிர்செபடைடின் உச்ச அளவிலும் இதே கதைதான்: 72 வாரங்களில் அங்கே சுமார் 21, இங்கே சுமார் 15. ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்கு இறங்கிய கிலோவை உங்கள் கணக்கில் எழுதாதீர்கள். ஐந்து சதவீதம் குறைந்தாலே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மேம்படத் தொடங்கும்.

போடும் முன்

கிளிமிபிரைடு அல்லது இன்சுலினோடு இந்த ஊசி சேரும்போது சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடலாம். பழைய மருந்தின் அளவை டாக்டர் குறைக்க வேண்டியிருக்கும். விழித்திரைப் பாதிப்பு உள்ளவர்கள் கண் பரிசோதனை செய்துகொண்ட பிறகே தொடங்குவது நல்லது. சர்க்கரை வேகமாக இறங்கினால் அது மோசமாகக்கூடும். குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் வந்திருந்தால் இந்த ஊசியே வேண்டாம்.

குமட்டலும் மலச்சிக்கலும் பலருக்கு வரும். குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவது அதனால்தான். மேல்வயிற்றில் கடும் வலி வந்து முதுகுக்குப் பரவினால் கணைய அழற்சியாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கொழுப்போடு தசையும் கரையும். பசி இல்லை என்று இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்பவர்கள் முட்டை, பருப்பு, சுண்டலை விடக்கூடாது. ஊசியை நிறுத்தினால் இறங்கிய எடையில் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது. எத்தனை ஆண்டு தொடர்வது, மாதச் செலவு கட்டுப்படியாகுமா என்பதை முதல் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.