கடல் கடக்கும் முன் கடனைக் கணக்கிடுங்கள்

வளைகுடா வேலைக்குப் புறப்படும் மும்பைத் தமிழர்கள் கவனிக்க வேண்டியவை

துபாய்க்கோ, கத்தாருக்கோ, சவூதிக்கோ வேலைக்குப் போகலாமா என்ற கேள்வி மும்பைத் தமிழர் வீடுகளில் இன்று நேற்று எழுந்ததல்ல. 1973ல் எண்ணெய் விலை பல மடங்கு ஏறி, பாலைவனத்தில் கட்டடங்கள் எழும்பத் தொடங்கிய நாளிலிருந்தே எழுந்து வருகிறது. அந்த நாளில் பம்பாய்தான் வளைகுடாவுக்கு வாசல். தென்னாட்டிலிருந்து ரயிலேறி வந்தவர்கள் டோங்கிரியிலும் பிண்டி பஜாரிலும் விடுதிகளில் தங்கி, விசாவுக்காகக் காத்துக் கிடந்தார்கள். 'துவாரகா' என்ற கப்பல் 1982 வரை இங்கிருந்து வளைகுடாத் துறைமுகங்களுக்கு ஆட்களை ஏற்றிச் சென்றது.

இன்று விமானத்தில் சுமார் மூன்றே கால் மணி நேரத்தில் துபாய் வந்து விடுகிறது. பயணம் சுருங்கி விட்டது. ஆனால் போவதா, வேண்டாமா என்று முடிவு செய்வது மட்டும் அன்றைக்கு இருந்தது போலவே கடினமாக இருக்கிறது.

"திருநெல்வேலியிலிருந்து பம்பாய்க்கு வந்தவனுக்கு துபாய் ஒரு தூரமா?" என்று சிலர் கேட்பதுண்டு. தூரம் பெரிதல்ல, வித்தியாசம் பெரிது. மும்பைக்கு வர யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. தாராவியில் மாமா ரூமில் ஒரு மூலையில் படுத்துக்கொண்டு வேலை தேடினோம். ஒரு முதலாளி சரிப்படாவிட்டால் அடுத்த தெருவில் இன்னொரு முதலாளி. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்தால், கடன் வாங்கியாவது நாகர்கோவில் வண்டியைப் பிடித்து விடலாம். அங்கே அப்படியல்ல. உங்கள் விசா ஒரு முதலாளியின் பெயரில் இருக்கிறது. பிடிக்கவில்லை என்று மறுநாளே வேறு வேலைக்குப் போக முடியாது. கையில் கடன் இருந்தால், திரும்பி வரவும் முடியாது.

ஆகவே, புறப்படுமுன் முதலில் பார்க்க வேண்டியது சம்பளத்தை அல்ல, கடனை.

ஒரு கணக்கு

ஒருவருக்குத் துபாயில் மாதச் சம்பளம் 1,200 திர்ஹாம் என்று வைத்துக்கொள்வோம். திர்ஹாமுக்கு 23 ரூபாய் என்று கணக்கிட்டால் 27,600 ரூபாய். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. தங்குமிடம் கம்பெனி கொடுக்கிறது. சாப்பாட்டுக்கு 400 திர்ஹாம், போன், சோப்பு, சவரம் முதலிய சில்லறைச் செலவுக்கு 100 திர்ஹாம் போனால், மிச்சம் 700 திர்ஹாம். அதாவது 16,100 ரூபாய். மும்பையில் உள்ள குடும்பத்துக்கு, எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும், மாதம் 10,000 ரூபாயாவது அனுப்ப வேண்டும். கடனுக்குக் கட்ட மிஞ்சுவது 6,100 ரூபாய்.

இவர் ஏஜெண்டுக்குக் கொடுப்பதற்காக, நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டியில் 1,20,000 ரூபாய் கடன் வாங்கியிருந்தால் என்ன ஆகும்? முதல் மாத வட்டியே 3,600 ரூபாய். அசலில் கழிவது 2,500 ரூபாய்தான். ஒரு மாதம் கூடத் தவறாமல் கட்டி வந்தாலும், 2 வருட ஒப்பந்தம் முடியும் போது ஏறக்குறைய 34,000 ரூபாய் கடன் பாக்கி நிற்கும். இரண்டு வருடம் வெயிலில் உழைத்தவர் கடனாளியாகவே ஊர் திரும்புவார்.

இதே ஆள் 35,400 ரூபாய் மட்டும் கடன் வாங்கிப் போயிருந்தால், 7 மாதத்தில் கடன் தீர்ந்து விடும். மீதியுள்ள 17 மாதங்களில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் சேர்ந்து விடும். ஆளும் ஒருவர்தான், வேலையும் ஒன்றுதான், சம்பளமும் ஒன்றுதான். வாங்கிய கடன்தான் வேறு.

மும்பையில் நிரந்தர வேலையில் இருக்கும் குமாஸ்தாக்களும் இந்தக் கணக்கைப் போட வேண்டும். இங்கே வாங்கும் சம்பளத்தோடு அங்கே கிடைக்கும் சம்பளத்தை ஒப்பிடக் கூடாது. இங்கே மிச்சம் பிடிப்பதோடு அங்கே மிச்சம் பிடிக்கக்கூடியதை ஒப்பிட வேண்டும்.

35,400 எங்கிருந்து வந்தது?

அது நாமாகச் சொன்ன தொகை அல்ல. 1922ம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு இந்திய அரசு கொண்டு வந்த 1983ம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் விதிகளின்படி, ஓர் ஏஜெண்ட் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய அதிகபட்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாய். அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 5,400 ரூபாய். மொத்தம் 35,400. இதற்கு ரசீது கொடுக்க வேண்டியது ஏஜெண்டின் கடமை. "ரசீது எல்லாம் கிடையாது, நம்பிக்கைதான்" என்று சொல்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஏஜெண்ட் பதிவு பெற்றவரா என்பதை அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் பார்த்துக் கொள்ளலாம். உரிம எண் இருந்தால் மட்டும் போதாது. அது இன்றும் செல்லுபடியாகிறதா என்றும் பார்க்க வேண்டும். பதிவு பெற்ற ஏஜெண்டின் பெயரைச் சொல்லிக்கொண்டு வரும் இடைத்தரகருக்குச் சட்டத்தில் இடமே இல்லை. அவர் சொந்த ஊர்க்காரராக இருந்தாலும், உறவினராக இருந்தாலும் இதுதான் நிலை. தமிழ்நாடு அரசும் 1978ல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் மூலம் ஆள் அனுப்பி வருகிறது. தரகரிடம் போகுமுன் அங்கே என்ன வேலை இருக்கிறது என்று விசாரிப்பது நல்லது.

அமீரகத்தில் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டமும், ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்று முதலாளிக்குத் தடை விதித்திருக்கிறது. "விசாவுக்கே 80,000 ஆகிறது" என்று யாராவது சொன்னால், இதை நினைவில் வையுங்கள்.

ஆசாத் விசாவும் விசிட் விசாவும்

மும்பையில் 'ஆசாத் விசா' என்று ஒன்றை விற்கிறார்கள். போய் இறங்கி, விருப்பமான இடத்தில் வேலை பார்க்கலாம் என்பார்கள். எந்த வளைகுடா நாட்டுச் சட்டத்திலும் இப்படி ஒரு விசா கிடையாது. யாரோ ஒருவர் பெயரளவுக்கு முதலாளியாக இருப்பார். அவரிடம் வேலை இருக்காது. வெளியே வேலை பார்த்துப் பிடிபட்டால் குற்றவாளி நீங்கள்தான். விசிட் விசாவில் போய் வேலை செய்வதும் இப்படித்தான். சம்பளம் கொடுக்காவிட்டால் புகார் செய்ய உங்களிடம் ஒப்பந்தம் இருக்காது.

படித்தவர்களைக் குறிவைப்பவர்களும் உண்டு. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, நல்ல சம்பளம் என்று அழைத்துப் போய், எல்லை தாண்டி மியான்மரில் அடைத்து வைத்து, இணைய மோசடி செய்ய வைத்த கொடுமை 2022ல் வெளியே வந்தது. மியாவாடியில் சிக்கிய தமிழ் இளைஞர்கள் பலர் அரசுகளின் முயற்சியால் மீட்கப்பட்டார்கள். டைப் அடிக்கும் வேலைக்கு இங்குள்ளதைப் போலப் பல மடங்கு சம்பளம் என்றால், ஏன் என்று கேட்க வேண்டாமா?

இரண்டு பெயர்த் தொல்லை

மும்பைத் தமிழருக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. ஊர்ப் பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டில் இனிஷியலோடு ஒரு பெயர். மும்பையில் எடுத்த ரேஷன் கார்டில் சாதிப் பெயரோ தகப்பனார் பெயரோ சேர்ந்து இன்னொரு பெயர். ஆதாரில் மூன்றாவதாக ஒன்று. பாஸ்போர்ட், கல்விச் சான்றிதழ், ஒப்பந்தம் மூன்றிலும் பெயர் ஒன்றாக இல்லாவிட்டால் அட்டெஸ்டேஷன் நின்று விடும். 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு விசிட் விசாவில் நுழைவு இல்லை என்று அமீரகம் அறிவித்தது. பிறகு பாஸ்போர்ட்டின் உள்ளே தகப்பனார் பெயர் இருந்தால் ஏற்றுக்கொண்டது. பெயரைச் சரி செய்ய மாதங்கள் ஆகும். ஆகையால் முதல் வேலையாக இதை முடியுங்கள்.

பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் 'இ.சி.ஆர்.' குறிப்பு இருக்கும். இவர்கள் வளைகுடா நாடுகளும் மலேசியாவும் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். இதை வெறும் தொந்தரவு என்று எண்ண வேண்டாம். அனுமதி பெறும் போது உங்கள் சம்பளமும் முதலாளியின் பெயரும் அரசுப் பதிவேட்டில் ஏறுகின்றன. பின்னால் தகராறு வந்தால் அந்தப் பதிவே உங்கள் சாட்சி. பத்தாவது தேறியிருந்தும் இந்தக் குறிப்போடு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள், சான்றிதழைக் காட்டி மாற்றிக்கொள்ளலாம்.

எதை முதலில் செய்வது?

மருத்துவப் பரிசோதனை முதலில், ராஜினாமா கடைசியில் என்பதே சரியான வரிசை. மார்பு எக்ஸ்-ரேயில் பழைய காச நோயின் தழும்பு தெரிந்தாலும் வளைகுடாப் பரிசோதனையில் தள்ளி விடுவார்கள். நகையை அடகு வைத்து, வேலையையும் விட்ட பிறகு இது தெரிய வந்தால் இரண்டும் நஷ்டம். ஆகவே விசா கைக்கு வந்து, அதில் உள்ள வேலையும் ஒப்பந்தத்தில் உள்ள வேலையும் ஒன்றே என்று பார்த்த பிறகுதான் இங்குள்ள முதலாளியிடம் கடிதம் கொடுக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் மொத்தச் சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு என்று தனித்தனியே பாருங்கள். அமீரகத்தில் வேலையை விட்டு வரும் போது கிடைக்கும் பணிக்கொடை, முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்ற கணக்கில் தரப்படுகிறது. மொத்தச் சம்பளம் 1,200 இருந்து அடிப்படை 600 தான் என்றால், பணிக்கொடையும் பாதியாகி விடும். ஒப்பந்தத்தின் ஒரு பிரதி உங்கள் பெட்டியிலும் இன்னொன்று வீட்டிலும் இருக்கட்டும். அங்கே போன பிறகு வேறு தாளில் கையெழுத்துக் கேட்டால், படிக்காமல் போடாதீர்கள்.

வீட்டை யார் பார்ப்பது?

குடும்பம் மும்பையிலேயே இருக்கட்டுமா, ஊருக்குப் போகட்டுமா என்பதைக் கணவனும் மனைவியும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். ஊரில் வாடகை மிச்சம். ஆனால் மனைவி இங்கே வேலை பார்த்தால் அந்த வருமானம் போகும். குழந்தைகளுக்குப் பள்ளி மாறும். ஊருக்கு அனுப்புவதானால் பள்ளி ஆண்டு முடிவில் அனுப்புங்கள்.

தாராவியில் சொந்த ரூம் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு 2024ல் தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத் தளத்தில் குடியிருப்பவருக்குத்தான் தாராவியிலேயே இலவச வீடு என்பது விதி. அதற்கான பழைய மின்சார பில், வாக்காளர் பட்டியல் நகல் முதலியவற்றைக் காட்ட வீட்டில் ஆள் வேண்டும். ரூம் உங்கள் பெயரில் இருந்தால், போகுமுன் மனைவிக்கோ நம்பிக்கையான உறவினருக்கோ பவர் ஆஃப் அட்டர்னி எழுதிப் பதிவு செய்யுங்கள். அசல் பத்திரங்களைப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

பாங்குக் கணக்கிலும் ஒரு வேலை இருக்கிறது. வெளிநாட்டில் வேலையில் சேர்ந்தவர் தம் சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு தொடங்கலாம், அதன் வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை. குடும்பச் செலவுக்கு மனைவி பெயரில் தனிக் கணக்கு இருப்பது மிக அவசியம்.

2024 ஜூன் 12ந் தேதி குவைத்தில் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று தீப்பற்றியதில் பல இந்தியர்கள் மாண்டார்கள். அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீட்டில், விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். பிரீமியம் 2 ஆண்டுக்கு 275 ரூபாய், 3 ஆண்டுக்கு 375 ரூபாய். இ.சி.ஆர். பாஸ்போர்ட்காரர்களுக்கு இது கட்டாயம். நாமினி பெயரைச் சரியாக எழுதி, பாலிசிப் பிரதியை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

முடிவு செய்யும் முன்

ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள். வாங்கப் போகும் கடன் எவ்வளவு. அதற்கு மாத வட்டி எவ்வளவு. வீட்டுக்கு அனுப்பியது போக மாதம் மிஞ்சுவது எவ்வளவு. கடன் தீர எத்தனை மாதம். அந்த மாதங்கள் ஒப்பந்தக் காலத்தில் பாதிக்குள் அடங்கினால், மனைவியிடமும் பெற்றோரிடமும் காட்டிவிட்டுத் தைரியமாகப் புறப்படுங்கள். அடங்காவிட்டால், விமானத்தை விட்டுவிடுங்கள், ஏஜெண்டையாவது மாற்றுங்கள். அடுத்த மாதமும் வேலைக்கு ஆள் எடுப்பார்கள். அடகில் மூழ்கிய தாலிக்கொடி திரும்பி வராது.