ஓய்வு யாருடையது? : ஒரு நினைவுப் பரிசை முன்வைத்துச் சில குறிப்புகள்

‘ஓய்வு’ குறித்து ஆராய்ச்சி என்றால் நம்மூரில் சிரிப்பார்கள். ‘வேலவெட்டி இல்லாதவன் பண்ற வேலை’ என்பார்கள். ஆனால் மேற்கத்தியப் பல்கலைக்கழகங்களில் இது தனியொரு துறை. 1969இல் அமெரிக்காவில் இதற்கென ஆய்விதழ் வந்துவிட்டது. 1975இல் பிரிட்டனில் ஓய்வுநேர ஆய்வுகளுக்கான சங்கம் உருவானது. மறைந்த பேராசிரியர்களின் பெயரால் மாணவர்களின் ஆய்வுக் கட்டுரைகளுக்கு நினைவுப் பரிசு தருவதும் அங்கே வழக்கம். அப்படியொரு பரிசைப் புதுச்சேரியில் நிறுவினால் அது யார் நினைவில் இருக்க வேண்டும்? எதை ஆராயச் சொல்ல வேண்டும்? கதிர்காமத்திலிருந்து இக்கேள்வியை எழுப்பிப் பார்க்கலாம்.

1

இத்துறையின் முன்னோடிகள் சும்மா இருந்தவர்கள் இல்லை. மார்க்சின் மருமகன் பால் லஃபார்க் 1880இல் ‘சோம்பேறியாய் இருக்கும் உரிமை’யை எழுதினார். வேலை செய்யும் உரிமை கேட்ட தொழிலாளர்களையே அதில் கேலி செய்தார். உழைப்பைப் புனிதமாக்குவது முதலாளியின் மதம் என்பது அவர் கட்சி. 1899இல் வெப்லென் ‘ஓய்வு வர்க்கம்’ பற்றி எழுதினார். உழைக்காமல் இருப்பதை ஊருக்குக் காட்டிக்கொள்வதே மேல்தட்டின் அந்தஸ்து என்றார். பிரெஞ்சு சமூகவியலாளர் துமாஸெதியே 1962இல் ஓய்வுக்கு மூன்று பயன்களை வகுத்தார்: களைப்பாறுதல், களித்தல், ஆளுமை வளர்தல்.

இ. பி. தாம்சன் 1967இல் வேறொரு கோணத்தைத் திறந்தார். வேலையின் போக்கில் நேரத்தை அளந்த மனிதர்கள், ஆலை வந்தபின் கடிகாரத்தால் அளக்கப்பட்டார்கள். அதன்பின் நேரம் ‘கழிவது’ நின்று ‘செலவாக’த் தொடங்கியது. ரான்சியேர் 1981இல் 1830களின் பிரெஞ்சுத் தொழிலாளர்களுடைய இரவுகளைத் தேடிப்போனார். தூங்க வேண்டிய நேரத்தைத் திருடிக் கவிதையும் தத்துவமும் எழுதியவர்கள் அவர்கள். பகலில் உழைப்பவன் இரவில் அடுத்த பகலுக்காகத் தூங்க வேண்டும் என்ற ஒழுங்கை அவர்கள் மீறினார்கள். ஓய்வு என்பது உழைப்பின் மிச்சம் அல்ல, ‘நீ யார்’ என்று விதித்த அதிகாரத்தோடு நடக்கும் சண்டை என்பது இங்கிருந்து துலங்குகிறது.

2

அந்தச் சண்டை புதுச்சேரியில் ரத்தம் சிந்தி நடந்தது. சவானா, ரோடியர் முதலான பஞ்சாலைகளின் தொழிலாளர்கள் வ. சுப்பையாவின் தலைமையில் திரண்டார்கள். எட்டு மணி நேர வேலை, சங்கம் வைக்கும் உரிமை என்பவை கோரிக்கைகள். 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுப் போலீஸ் சுட்டது. 12 தொழிலாளர்கள் செத்தார்கள்.

அதே கோடையில் பிரான்சில் என்ன நடந்தது என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். லியோன் புளூமின் மக்கள் முன்னணி அரசு ஜூனில் பதவியேற்றது. அம்மாதமே சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறையும் வாரத்துக்கு 40 மணி நேர வேலையும் சட்டமாயின. ‘விளையாட்டு மற்றும் ஓய்வு’க்கென்றே லியோ லக்ராஞ்ச் துணையமைச்சரானார். ஆகஸ்டில் தொழிலாளர் குடும்பங்கள் சலுகை டிக்கெட்டில் ரயிலேறிக் கடற்கரைக்குப் போயின. அங்கே ஓய்வுக்கு அமைச்சர், இங்கே எட்டு மணி நேரம் கேட்டவனுக்குத் துப்பாக்கி. ‘சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்’ கப்பலேறி வரும்போது எதை இறக்கி வைத்துவிட்டு வந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

1937 ஏப்ரல் 6ஆம் தேதி ஆணையால் எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. எல்லைக்கு அப்பால் பிரிட்டிஷ் இந்தியாவில் 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி நாளுக்குப் பத்து மணி, வாரத்துக்கு 54 மணி நேரம் வேலை. ‘ஆசியாவிலேயே முதலில் எட்டு மணி நேரம் வாங்கியது நாமதான்’ என்று மேடையில் பேசுகிறோம், ஆண்டுதோறும் ஜூலை 30 அன்று அஞ்சலி செலுத்துகிறோம். ஆனால் ‘எட்டு மணி வேலை, எட்டு மணி உறக்கம், எட்டு மணி எனக்கு’ என்ற முழக்கத்தின் மூன்றாவது எட்டு என்னவாயிற்று? கிடைத்த அந்த மாலைகளில் அவர்கள் என்ன செய்தார்கள்? படிப்பகம், நாடகம், சீட்டாட்டம், சாராயக்கடை, சங்கக் கூட்டம்? நமது தொழிற்சங்க வரலாறுகள் ஆலை வாசலோடு நின்றுவிடுகின்றன. நினைவுப் பரிசு அந்தப் 12 பேர் பெயரில் என்றால் ஆராய வேண்டிய முதல் விஷயம் இது.

3

ஆனால் ஆலையை மட்டும் வைத்து ஓய்வை வரையறுத்தால் பாதிப்பேர் வெளியே போய்விடுவார்கள். சங்கு ஊதினால் வேலை முடியும் என்பது ஆணின் நேரம். வீட்டில் சங்கு ஊதுவதில்லை. ‘உங்க வீட்டம்மா என்ன பண்றாங்க?’ என்றால் ‘சும்மாதான் இருக்காங்க’ என்கிறோம். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, சம்பளமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதற்குச் செலவிடுவதாகச் சொல்கிறது. இதுதான் அந்தச் ‘சும்மா’வின் நீளம்.

இச்சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. அருணகிரிக்கு முருகன் ‘சும்மா இரு’ என்று உபதேசித்ததாக மரபு. ஞானியின் சும்மா உயர்ந்தது, வீட்டுப் பெண்ணின் சும்மா கேவலம். சேரி இளைஞன் மதகில் உட்கார்ந்தால் ‘வெட்டிப்பய’, அக்கிரகாரத்துத் திண்ணையில் உட்கார்ந்தால் ‘சாவகாசம்’. செயல் ஒன்றுதான். சாதியும் பாலினமும் அதற்குப் பெயர் வைக்கின்றன. துமாஸெதியேயின் மூன்று பயன்களில் இதற்கு இடமில்லை.

4

இன்று அந்த ஆலைகள் இல்லை. ரோடியர் மில் ஏ.எஃப்.டி.யாகி, 2011 தானே புயலில் அடிபட்டு, தொழிலாளர்களை ஆண்டுக்கணக்கில் லே-ஆஃபில் உட்காரவைத்து, 2020இல் மூடப்பட்டது. லே-ஆஃப் ஓய்வா? அரைச் சம்பளத்தோடு வீட்டில் உட்கார்ந்தவனின் பகலுக்கு என்ன பெயர்? கதிர்காமம் மருத்துவக் கல்லூரி மரத்தடியில் நாள்முழுக்க உட்கார்ந்திருக்கும் நோயாளியின் உறவினர் வேலையும் செய்யவில்லை, ஓய்வாகவும் இல்லை. காத்திருத்தல் என்பது ஏழைகளிடமிருந்து வசூலிக்கப்படும் இன்னொரு வரி.

மறுபக்கம், ஊரே அடுத்தவரின் ஓய்வுக்காக வேலை செய்கிறது. சனி ஞாயிறுகளில் சென்னையும் பெங்களூரும் இங்கே இளைப்பாற வருகின்றன. அவர்களுக்குத் தட்டு எடுப்பவர்களுக்கும் அறை கூட்டுபவர்களுக்கும் அந்த இரண்டு நாளும் கூடுதல் வேலை. எட்டு மணி நேரமும் நிலையானதில்லை. 2023 ஏப்ரல் 21 அன்று, வேலை நேரத்தை 12 மணிவரை நீட்டிக்க வழிசெய்யும் தொழிற்சாலைத் திருத்த மசோதாவைத் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றியது. தொழிற்சங்கங்கள் கொதித்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. பத்து நாளில் தடுக்க முடிந்தது என்பது ஆறுதல். கேட்க முடிந்தது என்பதுதான் கவலை.

ஆகவே பரிசுக்குச் சில நிபந்தனைகள். கட்டுரை தமிழில் இருக்க வேண்டும். ‘மக்கள் பொழுதை எப்படிப் போக்குகிறார்கள்’ என்ற சந்தைக் கணக்கெடுப்பாக இல்லாமல், அவர்கள் பொழுதை யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்று கேட்க வேண்டும். யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர்கள் முன்னால் வாசித்துவிட்டுத்தான் நடுவருக்குப் போக வேண்டும். தலைப்புகளுக்குப் பஞ்சமில்லை: பிரெஞ்சு பென்ஷன்காரர்களின் பெத்தாங் ஆட்டம், சண்டே மார்க்கெட் வியாபாரியின் ஞாயிறு, ஓட்டல் பணிப்பெண்ணின் திங்கள்கிழமை, மூடிய ஆலையின் முன்னாள் தொழிலாளியின் பிற்பகல்.

வாசிப்பவருக்குச் சம்பளமில்லாத வாரநாளில், சம்பளம் போகாதபடி ஒரு மாலையில் அந்த வாசிப்பை எங்கே, எத்தனை மணிக்கு வைப்பது என்று யோசிக்கும்போதே ஆய்வு தொடங்கிவிடும். அப்பெண்கள் வர முடியாத நேரம் எது என்று தெரிந்தால், மூன்றாவது எட்டு மணி யாரிடம் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.